லாந்தர் முயலுக்கு நாற்பத்தெட்டுப் பல்

பரவாயில்லைங்க, நீங்களே ஜன்னலோரம் உட்காருங்க. கைக்குட்டை என்னுதுதான். வெளியில நின்னு ஜன்னல் வழியா சீட்டுல போட்டுட்டு, கூட்டத்துல முட்டி மோதிப் படியேறி வர்றேன், பார்த்தா நீங்க உட்கார்ந்திருக்கீங்க. கைக்குட்டையை அழகா மடிச்சுக் கம்பியில வேற வச்சிருக்கீங்க. நான் சண்டை போடற ஆள் இல்லை. எங்க வீட்டுலயே என்னை வாயில்லாப் பூச்சின்னுதான் சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு, போட்ட கைக்குட்டைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. நான் பிடிச்ச இடத்துல இன்னொருத்தர் உட்கார்றது இந்த வருஷத்துல எனக்கு இது ரெண்டாவது தடவை. அதனாலதான் சொல்றேன்.

எங்க போறீங்க, பொன்னமராவதியா? நானும் அங்கதான். அப்ப நேரம் இருக்கு. நீங்க பாட்டுக்குப் பேப்பர் திருத்துங்க, நான் பாட்டுக்குப் பேசறேன். டீச்சர்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. கையில சிவப்புப் பென்சில் இருக்கே.

என் பேர் நிரூபன். கோயம்புத்தூர்ல ஒரு கேம் கம்பெனியில கதை எழுதறேன். கேம்னா கேரம்போர்டு இல்லைங்க, கம்ப்யூட்டர்ல ஆடறது. அதுக்கும் கதை வேணும். யார் துரத்தறாங்க, எதுக்குத் துரத்தறாங்க, பிடிச்சா என்ன பண்ணுவாங்க. அதை நான் எழுதுவேன். கம்பெனியில மொத்தம் பதினோரு பேர். முதலாளி லோகநாதன் சார். அவருக்கு நிஜத் தொழில் வெட் கிரைண்டர். அதுல நல்லா வந்து, 'இனி கல்லு சுத்தாதுங் தம்பி, கம்ப்யூட்டர்தான் சுத்தும்'னு சொல்லி எங்க கம்பெனியை ஆரம்பிச்சார். ஆனா எதைப் பார்த்தாலும் மாவாத்தான் பார்ப்பார். நான் ஒரு கதை கொண்டுபோனா, 'இன்னும் ரெண்டு சுத்து விடுங், நைசாகல'ம்பார்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். கேம் திறந்ததும் முதல் திரையில, கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்துல, 'கதை: நிரூபன்'னு வரணும். நாலு கேம் செய்தோம். நாலுலயும் கடைசியில ஓடற பட்டியல்ல, டீ வாங்கித் தந்தவருக்கு ரெண்டு வரி மேல என் பேர் போச்சு. அதை யார் பார்க்கறா. எங்க அப்பா ஒரு தடவை பார்க்கணும்னு உட்கார்ந்தார், தூங்கிட்டார். அஞ்சாவது கேமுக்கு லோகநாதன் சார் வாக்குக் கொடுத்தார். 'ஊரே வெடவெடத்துப் போற மாதிரி ஒண்ணு கொண்டாங், உங்க பேரை முன்னால போடறனுங்.'

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்கு வந்ததுன்னு சொல்லக்கூடாது, உலகத்துக்கே வந்தது. வெளிநாட்டுல இப்ப இதான் நடக்குது. ஒவ்வொரு ஜனவரி ஒண்ணாம் தேதியும் ஏதாவது ஒரு குழந்தைக் கதைப் பாத்திரத்துக்கு உரிமை காலாவதி ஆகும். எழுதினவர் செத்து இத்தனை வருஷம்னு ஒரு கெடு, நம்ம நாட்டுல அறுபது. அது முடிஞ்சா அந்தப் பாத்திரம் ஊர்ப் பொதுச்சொத்து, கோயில் மாடு மாதிரி. ரெண்டாம் தேதி காலையில அதோட கையில ஒரு கோடாலியைக் கொடுத்துடுவாங்க. அதுவரைக்கும் பூப்பறிச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்ததெல்லாம் இப்ப ஆளைக் கொன்னுக்கிட்டுத் திரியுது.

செய்முறை ரொம்ப சுலபம்ங்க. முதல்ல கண்ணைப் பிடுங்கிடணும். கண்ணு இருந்த இடத்துல சிவப்பு விளக்கு. பல்லை அதிகப்படுத்தணும். ஒரு தாலாட்டை எடுத்து, பேட்டரி தீர்ந்த ரேடியோ மாதிரி மெதுவா இழுத்து விடணும். முடிஞ்சுது, திகில். புதுசா ஒரு பேயை உண்டாக்கினா அதை ஊருக்கு அறிமுகம் பண்ணணும், அது யாருன்னு சொல்லணும். இதுல அந்தத் தொல்லையே இல்லை. எல்லாரும் சின்ன வயசுல அதைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கியிருக்காங்க. அந்த அன்பு நமக்கு ஓசி. மேலே ரத்தத்தை மட்டும் ஊத்தினாப் போதும்.

நான் எடுத்தது லாந்தர் முயல். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், டீச்சர் ஆச்சே. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாடி புதுக்கோட்டைப் பக்கத்துலருந்து ஒரு சிறுவர் பத்திரிகை வந்துக்கிட்டு இருந்தது. அதுல நாற்பத்தோரு கதை. எல்லாக் கதையிலும் ஒரு குழந்தை வழி தவறிடும். இருட்டுல ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வரும். பார்த்தா ஒரு முயல், கையில லாந்தர். 'பயப்படாதே. வா, வழி எனக்குத் தெரியும்'னு சொல்லும். வீட்டுல கொண்டுபோய் விடும். அம்மா கட்டிப்பிடிச்சுக்குவாள். அவ்வளவுதான் கதை. இன்னைக்கு எழுபது வயசு ஆனவங்க கிட்டப் போய் 'வா, வழி எனக்குத் தெரியும்'னு சொல்லிப் பாருங்க, கண்ணு கலங்கிடும். கலங்கற கண்ணாப் பார்த்துத்தானே பிடுங்கணும்.

கதைக்கு மேல 'உமையாள்'னு பேர் போட்டிருக்கும். அதுல நான் ஏமாறலை. நம்ம எழுத்தாளர்கள் வழக்கம் எனக்குத் தெரியாதா. பத்திரிகையில பொம்பளை பேர் இருந்தா உள்ள மீசை இருக்கும். பெண்டாட்டி பேர்ல எழுதினா மவுசு. நூலகத்துல போய் எழுத்தாளர் விவரத் தொகுப்பு ஒண்ணைப் புரட்டினேன். நான் நினைச்ச மாதிரியே போட்டிருந்தது. 'உமையாள்: பொன்னமராவதி சாத்தப்பன் என்பவரின் புனைபெயர். மனைவியின் பெயரில் எழுதினார். மறைவு 1963.' அறுபது வருஷம் முடிஞ்சுபோச்சு. இன்னொரு சாட்சியும் இருந்தது. அறுபத்து மூணுக்கு அப்புறம் ஒரு கதைகூட வரலை. ஆள் போனார், கதை நின்னுது. இதைவிட என்ன வேணும்.

லோகநாதன் சார் ஒரே கேள்விதான் கேட்டார். 'ஏனுங் தம்பி, முசலு செத்தவரோடதுதானுங்களே? நாளைக்கு யாரும் சண்டைக்கு வந்துர மாட்டாங்களே?'

'செத்து அறுபது வருஷம் ஆச்சு சார்'னேன்.

'அப்ப ஊறப் போடுங்.'

ரெண்டு வருஷம் உழைச்சோம். முயலுக்கு நாற்பத்தெட்டுப் பல்லு வச்சேன். அந்தப் பல்லுக்காக மட்டும் ஒரு ஆள் நாலு மாசம் உட்கார்ந்து வேலை பார்த்தார். லாந்தருக்குள்ள எண்ணெய்க்குப் பதிலா ரத்தம். முயல் குழந்தைகளை மலைக் குகைக்குக் கூட்டிட்டுப் போகும், அங்க ஒரு செக்கு இருக்கும். மிச்சத்தை நான் சொல்லலை, நீங்க சாப்பாட்டு மூட்டை வச்சிருக்கீங்க.

டிரெய்லர் விட்டோம். பெரியவங்கல்லாம் கொதிச்சுப் போயிட்டாங்க. 'எங்க முயலை விட்டுடுங்கடா'ன்னு ஒருத்தர். 'என் குழந்தைப் பருவத்தில் காறித் துப்பிவிட்டீர்கள்'னு ஒரு ரிட்டயர்டு தாசில்தார். எனக்கு ஒரே சந்தோஷம். திட்டறவங்கதானே ஊருக்குச் சொல்றாங்க. இத்தனைக்கும் நடுவுல கம்பெனி விலாசத்துக்கு ஒரு போஸ்ட்கார்டு வந்தது. நிஜமான போஸ்ட்கார்டுங்க. குண்டு குண்டா எழுத்து. 'தம்பிக்கு, உங்கள் முயலைப் பார்த்தேன். ஒரு பிழை இருக்கிறது. நேரில் வந்தால் சொல்கிறேன். உமையாள், பொன்னமராவதி.'

கீரனூர் வந்துடுச்சா? கடலை வேணுங்களா? சரி.

உமையாள்னு கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. சாத்தப்பன் ஐயாவோட சம்சாரம் இன்னும் இருக்காங்க. யார் பேரை அவர் வச்சுக்கிட்டாரோ அந்த அம்மா. பாவம், வீட்டுக்காரர் பேரைக் கெடுக்காதீங்கன்னு அழப்போறாங்கன்னு நினைச்சேன். லோகநாதன் சாரும் அதான் சொன்னார். 'ஒரு பொன்னாடை போத்தி, பெரியவரு படம் ஒண்ணு பெருசா போட்டுக் குடுத்துட்டு வந்துருங். வயசானவிய, மனசு குளுந்துரும்.' பழைய பத்திரிகையில இருந்த சாத்தப்பன் ஐயா போட்டோவைத் தேடிப் பிடிச்சு, பெருசாக்கி, கண்ணாடி போட்டு, கீழே 'லாந்தர் முயலின் தந்தை'ன்னு தங்க எழுத்துல பொறிச்சு எடுத்துட்டுப் போனேன். இதே பஸ்தான். அன்னைக்கு ஜன்னலோரம் எனக்குக் கிடைச்சுது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மருந்துக்கடை மாடியில வீடு. எண்பத்தேழு வயசுங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, தினசரியில சிவப்புப் பென்சிலால என்னமோ அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அச்சுப்பிழையாம். தினமும் திருத்துவாங்களாம். யாருக்கும் அனுப்பறது இல்லை, சும்மா. நான் படத்தைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. முகத்துல ஒரு சிரிப்பு வந்தது.

'நல்லாத்தான் இருக்காக. மூக்கு மட்டும் இவ்வளவு நீளம் இல்லை'ன்னாங்க. அப்புறம் கீழே இருந்த எழுத்தைப் படிச்சாங்க. படத்தை மேசை மேல சாய்ச்சு வச்சுட்டு, 'எங்க, உங்க முயலைக் காட்டுங்க'ன்னாங்க.

லேப்டாப்பைத் திறந்தேன். நான்தான் ஆடினேன், அவங்க பார்த்தாங்க. வயசானவங்க, நெஞ்சு என்ன ஆகுமோன்னு சத்தத்தைக் குறைச்சு வச்சேன். குகை வந்தது, செக்கு வந்தது, முயல் பாய்ஞ்சு வந்து திரை முழுக்க வாயைத் திறந்தது. நான் அந்த அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

'எத்தனை பல்லு தம்பி?'

'நாற்பத்தெட்டு ஆச்சி.' அந்தப் பக்கத்துல ஆச்சின்னுதான் கூப்பிடணும்னு மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

'எதுக்கு?'

'பயத்துக்கு.'

'பயம் வரலையே. பல்லு வைத்தியர் ஞாபகம்தான் வருது.' கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. 'முயலு பிள்ளையைக் கொன்னுபோடுது. சரி. கொன்னாப் பிள்ளை செத்துப்போகும். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு என்ன பயம்? உங்க கதையில பயம் சீக்கிரம் முடிஞ்சு போயிருது தம்பி. அதுதான் பிழை.'

பாருங்க, ரெண்டு வருஷ உழைப்பு. நான் பொறுமையா, 'ஐயா எழுதின கதையை நாங்க இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி'ன்னு ஆரம்பிச்சேன்.

'எந்த ஐயா?'

நான் படத்தைக் காட்டினேன்.

'அவுக எங்க எழுதினாக. நானில்ல எழுதினேன்.'

எனக்குப் பாவமா இருந்தது. வயசானா இப்படித்தான், நடந்ததும் நினைச்சதும் கலந்துடும். எங்க சொந்தத்துல ஒருத்தர் தான் சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனதாச் சொல்லுவார், பொறந்ததே ஐம்பத்தி ரெண்டு. அதனால நான் மறுத்துப் பேசலை. 'ஐயா எழுதும்போது நீங்க பக்கத்துல இருப்பீங்களா ஆச்சி?'ன்னு கேட்டேன்.

'நான் எழுதும்போது அவுக தூங்குவாக'ன்னாங்க. எழுந்துபோய் பீரோவிலிருந்து நாலு நோட்டு கொண்டாந்து போட்டாங்க. பழுப்பேறின நோட்டு. உள்ள பூரா அதே குண்டு எழுத்து, போஸ்ட்கார்டுல இருந்த எழுத்து. ஒவ்வொரு கதை முடிவுலயும் கடைசிப் பக்கம் மட்டும் சிவப்பால குறுக்கே அடிச்சு, பக்கத்துல சாய்ஞ்ச எழுத்துல வேற யாரோ, 'அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டாள்'னு எழுதியிருந்தது. நாற்பத்தோரு கதை, நாற்பத்தோரு கட்டிப்பிடிப்பு.

'அதுதான் அவுக எழுத்து. எல்லாம் சேர்த்து எண்பத்திரெண்டு சொல்லு'ன்னாங்க.

நான் என்ன நினைச்சேன்னா, அவர் சொல்லச் சொல்ல இவங்க எழுதியிருக்காங்க. அப்புறம் அவர் திருத்தியிருக்கார். சொன்னவர்தானே திருத்துவார். இது எனக்கு இன்னைக்கும் சரியாத்தான் படுது. அப்படின்னா அவர் எதுக்குத் தான் சொன்ன முடிவையே அடிச்சார்னு நீங்க கேட்கலாம். கேட்காதீங்க. எழுத்தாளர் மனசு, உங்களுக்குப் புரியாது.

'அடிச்ச பக்கத்துல என்னதான் இருக்கு?'ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

படிச்சுக் காட்டினாங்க. ஏற்ற இறக்கமே இல்லாத குரல், நீங்க காய்கறி விலை கேட்கற மாதிரி. செல்லம்மைன்னு ஒரு பொண்ணு. தேர் பார்க்கப் போய் வழி தவறிடறா. முயல் வருது. 'பயப்படாதே. வா, வழி எனக்குத் தெரியும்'னு கூட்டிட்டுப் போகுது. வீடு வந்தாச்சு. விளக்கு எரியுது. ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கறா. அம்மா சோறு போட்டுக்கிட்டு இருக்காள். எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கறது செல்லம்மை. அதே பாவாடை, அதே ரெட்டைச் சடை. அம்மா அவ தலையைத் தடவி, 'நல்லவேளை, வந்து சேர்ந்தியே'ங்கறா. வெளியில நிக்கற செல்லம்மை 'அம்மா'ன்னு கூப்பிடறா. அம்மாவுக்குக் கேட்கலை. உள்ள இருக்கறவளுக்குக் கேட்டுது. நிமிர்ந்து பார்த்தா. ஒரு கவளம் வாயில போட்டுக்கிட்டா. எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினா. அப்ப அந்த முயல் தன் கையில இருந்த லாந்தரைச் செல்லம்மை கையில கொடுத்துட்டு, 'அப்பாடா'ன்னு சொல்லி இருட்டுக்குள்ள ஓடிப்போச்சு.

அவ்வளவுதான். நோட்டை மூடிட்டாங்க.

எனக்குப் பயமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. சட்டை கொஞ்சம் நனைஞ்சிருந்தது, பொன்னமராவதி வெயில் உங்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது பஸ்லருந்து எங்க அம்மாவுக்கு ஒரு போன் பண்ணினேன், சும்மாதான். சாப்பிட்டியாம்மான்னு கேட்டேன். கூட யாராவது உட்கார்ந்து சாப்பிடறாங்களான்னும் கேட்டேன். ஏன்டா இப்படிக் கேட்கறேன்னாங்க. ஒண்ணுமில்லைன்னேன்.

விஷயத்துக்கு வர்றேன். கிளம்பறப்ப, பொன்னாடையைப் போர்த்திட்டு, 'அறுபது வருஷம் ஆயிடுச்சு ஆச்சி, இப்ப முயல் எல்லாருக்கும் சொந்தம்'னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். பொன்னாடையை மடிச்சு மடியில வச்சுக்கிட்டாங்க.

'அறுபது வருசம் எப்பருந்து தம்பி?'

'எழுதினவர் இறந்ததுலருந்து.'

'அப்ப நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே'ன்னாங்க.

சிரிக்கறீங்க. உங்களுக்கு என்ன. நான் விடலை. விவரத் தொகுப்பையே செல்போன்ல படம் எடுத்து வச்சிருந்தேன், அதைக் காட்டினேன். அச்சுல வந்ததை மறுக்க முடியுமா. கண்ணாடியைப் போட்டுப் படிச்சாங்க. 'ஓ, இதைத் தொகுத்த ஆளா. ஒரு நாள் வந்தாரு. அவுக செத்து ஒரு வருசம் இருக்கும். எங்க கொழுந்தனார்கிட்டதான் எல்லாம் கேட்டுக் குறிச்சுக்கிட்டாரு. காப்பி நான்தான் கொடுத்தேன். சர்க்கரை போதுமான்னு கேட்டேன், போதும்னாரு. வேற ஒண்ணும் எங்கிட்டப் பேசலை.'

'அப்ப ஐயா போனதும் ஏன் கதை நின்னுது?'ன்னு மடக்கினேன்.

'எனக்கு இருபத்தஞ்சு வயசு. புருசன் செத்த வீட்டுல உக்காந்து முயலுக்கதை எழுதுறான்னா ஊரு என்ன பேசும். எழுதலைன்னு யாரு சொன்னா? அனுப்பலை.'

அதுக்கப்புறம் ஒரு காகிதம் எடுத்துக் கொடுத்தாங்க. சாத்தப்பன் ஐயா பத்திரிகை ஆசிரியருக்கு எழுதின கடிதம். படி எடுத்து வச்சிருக்கார். 'கதைகளை என் மனைவி உமையாள் எழுதுகிறாள். படித்த பிள்ளைகள் படுத்துத் தூங்க வேண்டுமே என்று கடைசிப் பக்கத்தை மட்டும் நான் மாற்றுகிறேன். அவளுக்கு இதில் என்மேல் வருத்தம்.' கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கு. லோகநாதன் சார் அதை வக்கீல்கிட்டக் காட்டினார். வக்கீல் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை, முயல் ஆச்சியோடதுன்னுட்டார். நான் எவ்வளவோ சொன்னேன். 'சார், அது அடக்கம். பெரிய எழுத்தாளர்கள் அப்படித்தான், தான் எழுதினதைத் தான் எழுதினேன்னு சொல்லிக்க மாட்டாங்க.' யார் கேட்கறா. 'உங்களைப் போய் அரிசியைப் பார்த்து வாங்கிட்டு வரச் சொன்னா, கல்லை வாங்கிட்டு வந்துட்டீங்களே'ன்னார் லோகநாதன் சார். ரெண்டு வருஷ வேலை குப்பைக்குப் போற நிலைமை. மத்தப் பத்துப் பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

ஆச்சி தடுக்கலைங்க. அதையும் சொல்லணும். அவங்களா போன் பண்ணி, செய்யுங்கன்னாங்க. மூணு நிபந்தனை. பல்லை எடுக்கணும், முயலுக்கு உள்ள பல்லு போதும். கடைசிப் பக்கம் அவங்க எழுதின மாதிரியே வரணும், யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாது. முதல் திரையில 'கதை: உமையாள்'னு மட்டும் போடணும். வேற பேர் கூடாது.

மூணாவதுதான் நான் சொன்ன கைக்குட்டை. நான் போட்ட இடம். என் இடத்துல அந்த அம்மா உட்கார்ந்துட்டாங்க.

கேம் வெளியாகி அஞ்சு மாசம் ஆச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, ஜனங்க அலறுது. லோகநாதன் சார் சம்சாரம் இப்பெல்லாம் ஜன்னல் பக்கம் முதுகு காட்டிச் சாப்பிட மாட்டாங்களாம். அந்த ரிட்டயர்டு தாசில்தார் முழுசா ஆடி முடிச்சுட்டு, 'என் குழந்தைப் பருவம் எனக்கு இப்போதுதான் புரிகிறது' அப்படின்னு எழுதினார். நல்ல பேர் வந்தது. பேர் யாருக்கு? கடைசிப் பட்டியல்ல, டீக்காரருக்கு ரெண்டு வரி மேல நான்.

சரி, போகட்டும்னுதான் இருந்தேன். போன வாரம் ஒரு யூடியூப் சேனல்லருந்து பேட்டிக்கு வந்தாங்க. சின்னப் பொண்ணு, நல்ல விவரம். 'அந்தக் காலத்து எழுத்தாளர்கள் பெண் பேர்ல எழுதுவாங்களே ப்ரோ, அந்த மாதிரி உமையாள்ங்கறது உங்க புனைபெயரா?'ன்னு கேட்டுச்சு.

நான் சிரிச்சேன்.

சிரிக்கறது பொய் இல்லையே. ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. சிரிச்சேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அடக்கம்னு எடுத்துக்கிட்டாங்க. 'முகம் காட்டினார் உமையாள்'னு தலைப்பு வச்சு என் படத்தைப் போட்டுட்டாங்க. எங்க அப்பா அதைத் தூங்காம பார்த்தார், மூணு தடவை. இப்ப இணையத்துல யார் வேணாலும் எழுதற விவரப் பக்கம் ஒண்ணுலயும் வந்துடுச்சு, 'உமையாள்: நிரூபன் என்பவரின் புனைபெயர்.' நான் எழுதலைங்க. அழிக்கவும் இல்லை. அச்சுல வந்ததை அழிக்க நான் யாரு.

ஆச்சி இதெல்லாம் பார்த்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன். முந்தாநாள் போன் பண்ணினாங்க. குரல்ல ஒரு கோபம் இல்லை, அதே காய்கறி விலைக் குரல். நான்தான் ரெண்டாம் பாகத்துக்காக ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தேன். புருஷன் போனப்புறம் எழுதி யாருக்கும் அனுப்பாத கதை இருக்குன்னாங்களே, அது ஏழு நோட்டாம். முன்ன மாதிரி கண்ணு தெரியலை, படிச்சுப் பிரதி எடுத்து ஒழுங்குபடுத்த ஆள் வேணும்னு சொல்லியிருந்தாங்க. நான் வர்றேன் ஆச்சின்னு சொல்லி வச்சிருந்தேன். அந்த வேலையைப் பிடிச்சுட்டா ரெண்டாம் பாகத்துல என் பேரும் முன்னால போடலாம்னு லோகநாதன் சார் சொல்லியிருக்கார். 'ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க'ன்னாங்க ஆச்சி. எதுக்கும் ஒரு பொன்னாடை வாங்கிட்டேன்.

'அந்தப் படத்தையும் பார்த்துட்டுப் போங்க தம்பி, ஒரு திருத்தம் போட்டிருக்கேன்'ன்னாங்க. 'தந்தை'ங்கறதைச் சிவப்பால அடிச்சுட்டு, மேல 'முதல் வாசகர்'னு எழுதி மாட்டியிருக்காங்களாம். தங்க எழுத்து, சொல்லி வச்சுப் பொறிச்சது. வயசானவங்க, என்ன சொல்ல.

அப்புறம் வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னாங்க. 'உங்க எடத்துல ஆளு உக்காந்தாச்சு தம்பி. நீங்க வந்து சாப்பிட்டு மட்டும் போங்க'ன்னாங்க. விருந்துக்கு வேற யாரோ வர்றாங்க போல. நல்லதுதான், தனியா உட்கார்ந்து சாப்பிடறதைவிட.

புதுக்கோட்டையும் தாண்டியாச்சு, நானே பேசிக்கிட்டு வர்றேன். உங்களை ஒண்ணுமே கேட்கலை. எந்த ஸ்கூல்? ஓ, டீச்சர் இல்லையா. அப்ப இது பரீட்சைப் பேப்பர் இல்லையா. ஜெராக்ஸ் எடுத்த பழைய நோட்டு மாதிரி இருக்கே. நானும் திருச்சியிலருந்தே பார்க்கறேன், இந்தக் காலத்துப் பிள்ளைங்க இவ்வளவு குண்டு குண்டா எழுதுதேன்னு.

கதை எழுதறீங்களா? சந்தோஷம். யார் எழுதறது, நீங்களா, வீட்டுக்காரர் உங்க பேர்லயா? இல்லை, வழக்கம் அதுதானேன்னு கேட்டேன்.

இறங்கணும்ங்க, ஸ்டாண்டு வந்துடுச்சு. பார்த்து. அந்தப் பேப்பர் கட்டை நான் பிடிச்சுக்கறேன், நீங்க இறங்குங்க. என்ன கனம், ஏழு நோட்டு இருக்கும் போலிருக்கே.

நீங்க எந்தத் தெரு? மருந்துக்கடை மாடியா? ஆச்சி வீட்டுக்கா?

அட, அப்ப அந்த ஆளு நீங்கதானா. முதல்லயே சொல்லியிருக்கலாமே, இவ்வளவு தூரம் பேச விட்டுட்டீங்க. சரி, வாங்க, வெயில் ஏறுது, அங்க சோறு ஆறிடும்.

வழி எனக்குத் தெரியும்.